பீரங்கி முழங்காமல் வந்த ஊர்: கோரிமேட்டில் தேர்வுக்குப் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளே,

குடிமைப் பணித் தேர்வுக்காக அயலுறவுப் பாடம் படிக்கும் உங்களுக்குள் இரண்டு கட்சி இருக்கிறது. பலம் உள்ளவன் பேச்சுதான் எடுபடும், தூதர், மாநாடு, கூட்டறிக்கை எல்லாம் ஒப்புக்குச் சப்பாணி என்பது ஒரு கட்சி. மனம் இருந்தால் எதையும் உட்கார்ந்து பேசித் தீர்த்துவிடலாம் என்பது இன்னொரு கட்சி. உக்ரைன், காசா என்று இரு தரப்பும் உலகமெல்லாம் சுற்றி எடுத்துக்காட்டு தேடுகிறீர்கள். காலடியில் இருப்பதை மட்டும் யாரும் எடுப்பதில்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

ஜிப்மரைத் தாண்டித் திண்டிவனம் சாலையில் கொஞ்சம் போனால் தமிழ்நாடு வந்துவிடுகிறது. இந்தப் பக்கம் சிவப்புத் தொப்பிப் போலீஸ், அந்தப் பக்கம் காக்கித் தொப்பிப் போலீஸ். பெட்ரோல் விலை மாறுகிறது, பேருந்தின் நிறம் மாறுகிறது. இன்று இது இந்தியாவுக்குள்ளேயே ஓடும் ஒரு கோடு. 1954 அக்டோபர் வரை இரண்டு நாடுகளுக்கு நடுவே ஓடிய கோடு. படை எதுவும் வந்து அதை அழிக்கவில்லை. பேச்சுவார்த்தைதான் அழித்தது. ஆனால் வெறும் பேச்சுவார்த்தை அல்ல. எது எவ்வளவு வேலை செய்தது என்பதைப் பிரித்துப் பார்த்தால் உங்கள் இரண்டு கட்சியிலும் பாதிப் பாதி உண்மை இருப்பது தெரியும்.

கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்குகிறேன். 1746இல் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே சென்னைப் பட்டணத்தைப் பிடித்தார். அதை என்ன செய்வது என்று அவருக்கும் புதுச்சேரி கவர்னர் துய்ப்ளேக்கும் பெரும் சண்டை. இரண்டே ஆண்டில் ஐரோப்பாவில் சமாதானம் பேசினார்கள். வட அமெரிக்காவில் ஆங்கிலேயர் பிடித்து வைத்திருந்த லூயிபூர் கோட்டை பிரான்சுக்குத் திரும்பியது. அதற்கு ஈடாகச் சென்னை ஆங்கிலேயருக்குத் திரும்பியது. துய்ப்ளேக்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை. துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்து இந்தக் கூத்தையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்து நாட்குறிப்பு எழுதிவைத்த ஆனந்தரங்கப் பிள்ளையை நீங்கள் அயலுறவுப் பாடநூலாகவே படிக்கலாம் என்பது என் கட்சி. 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்துக் கோட்டையையும் நகரையும் தரைமட்டமாக்கினார்கள். 1763 பாரிஸ் உடன்படிக்கையில் ஊர் பிரான்சுக்கே திரும்பிவந்தது. அதற்குப் பிறகும் 1778, 1793, 1803 என்று ஆங்கிலேயர் பிடிப்பதும், மேசையில் அது திரும்பிப் போவதுமாகவே நடந்தது. போரில் விழுந்த ஊர் ஒவ்வொரு முறையும் பேச்சில் எழுந்தது.

கடைசியாகத் திருப்பிக் கொடுத்தபோது ஆங்கிலேயர் ஒரு காரியம் செய்தார்கள். 1814 பாரிஸ் உடன்படிக்கையின் 12ஆம் பிரிவில், இந்தியாவில் திரும்பக் கிடைக்கும் இடங்களில் பிரான்சு கோட்டை கட்டக்கூடாது, காவலுக்குத் தேவையான அளவுக்கு மேல் படை வைக்கக்கூடாது என்று எழுதி வாங்கினார்கள். ஊரைக் கொடுத்துவிட்டு அதன் பல்லைப் பிடுங்கிக்கொண்டார்கள். நூற்று நாற்பது ஆண்டு கழித்து டெல்லி புதுச்சேரிக்காகப் பேச உட்கார்ந்தபோது எதிரே கோட்டையும் இல்லை, படையும் இல்லை. பலம் பேச்சைத் தீர்மானிக்கிறது என்கிறீர்களே, அந்தப் பலத்தையே முன்னொரு பேச்சு தீர்மானித்திருக்கிறது. இதை உங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

1947க்குப் பிறகு நடந்தது பலருக்குத் தேதிகளாகத்தான் தெரியும். சூரத், மசூலிப்பட்டினம், கோழிக்கோடு போன்ற ஊர்களில் இருந்த பழைய பண்டகசாலை இடங்களைப் பிரான்சு அந்த ஆண்டு அக்டோபரிலேயே விட்டுக்கொடுத்தது. அதனால் அதற்கு நட்டம் எதுவும் இல்லை. நல்லெண்ணம் மட்டும் வரவு. 1948 ஜூன் 8இல் ஓர் உடன்பாடு: மக்கள் வாக்களித்துத் தங்கள் வழியைத் தாங்களே முடிவு செய்வார்கள். அதன்படி 1949 ஜூன் 19இல் வங்கத்துப் பிரெஞ்சுப் பகுதியான சந்திரநாகூர் வாக்களித்து, ஏறத்தாழ ஒருமுகமாக இந்தியாவோடு சேர முடிவு செய்தது. புதுச்சேரியில் அந்த வாக்கெடுப்பு நடக்கவே இல்லை. தேர்தல் என்றாலே அடிதடியாக இருந்த காலம் அது. 1951இல் வந்த பன்னாட்டுப் பார்வையாளர்களும் இங்கே நேர்மையான வாக்கெடுப்புக்கான சூழல் இல்லை என்றே கண்டார்கள். அதற்கடுத்த ஆண்டு நேரு வாக்கெடுப்பு யோசனையையே ஒதுக்கி, நேரடியாக ஒப்படையுங்கள் என்றார். பிரான்சு மறுத்தது. பேச்சு அங்கேயே நின்றது.

அப்போது எந்தப் பக்கம் என்ன பலம் இருந்தது என்று எண்ணிப் பாருங்கள். இந்தியாவிடம் பெரிய ராணுவம் இருந்தது. அதைத் தொடக்கூடாது என்பதில் நேரு உறுதியாக இருந்தார். ஆனால் வேறு பலங்கள் இருந்தன. வரைபடத்தைப் பாருங்கள்: புதுச்சேரிப் பகுதி ஒரே துண்டு அல்ல, தமிழ்நாட்டுக்குள் சிதறிக் கிடக்கும் பல துண்டுகள். ஒரு கொம்யூனிலிருந்து (உள்ளாட்சிப் பகுதியிலிருந்து) இன்னொன்றுக்குப் போக இந்திய மண்ணைக் கடக்க வேண்டும். 1949 ஏப்ரலில் சுங்க உடன்பாடு முடிவுக்கு வந்ததும் இந்தியா எல்லை முழுக்கச் சுங்கக் காவல் போட்டது. 1954இல் பெர்மிட் முறை வந்தது. சரக்கும் ஆளும் கடக்கக் கெடுபிடி. பிரான்சிடமோ சட்டம் இருந்தது, பழைய உரிமை இருந்தது, உலக அரங்கில் பேர் இருந்தது. கப்பல் கொண்டு வந்து மோத அதற்கு வழியில்லை.

இந்தக் கெடுபிடியை வெறும் சாமர்த்தியம் என்று நான் புகழமாட்டேன். கவர்னர் மாளிகையைவிட மில் தொழிலாளியையும் சந்தைக்குக் கூடை சுமந்த பெண்ணையும்தான் அது அதிகம் வருத்தியது. கடத்தல் பெருகியது. பொருளாதாரத் தடை என்று இன்று செய்தியில் படிக்கும்போதெல்லாம் இதை மறக்காதீர்கள். துப்பாக்கி வெடிக்காத பலமும் யாரோ ஒருவர் வயிற்றில்தான் அடிக்கிறது.

டெல்லிக்கும் பாரிசுக்கும் இல்லாத மூன்றாவது பலம் ஒன்று இந்த ஊரிலேயே இருந்தது. 1936 ஜூலை 30ஆம் தேதி வேலைநிறுத்தம் செய்த மில் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுப் படை சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே எட்டு மணி நேர வேலை சட்டமானது. தொழிலாளர் தலைவர் வ. சுப்பையா என்ற பெயர் இந்த மண்ணில் நிலைத்தது அந்தப் போராட்டத்தால்தான். அரசாங்கங்கள் மேசைக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே, எட்டு மணி நேரத்துக்காகப் பேரம் பேசிப் பழகியவர்கள் நம் தொழிலாளிகள். 1954 தொடங்கியபோது இந்த மக்கள் பலம் இல்லாமல் இருந்திருந்தால் டெல்லியின் சுங்கச்சாவடி வெறும் தொல்லையாக மட்டும் இருந்திருக்கும்.

அந்த ஆண்டு மார்ச்சில் புதுச்சேரி மேயரும் சுற்றுக் கொம்யூன்களின் மேயர்களும் வாக்கெடுப்பு இல்லாமலே இந்தியாவோடு சேரத் தீர்மானம் போட்டார்கள். அதுவரை பிரான்சுக்கு ஆதரவாக நின்று, பிரெஞ்சு நாடாளுமன்றத்திலேயே உறுப்பினராக இருந்த எதுவார் குபேர் அணி மாறினார். மார்ச் 31இல் நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடி ஏறியது. குபேர் ஏன் மாறினார்? நாட்டுப்பற்று மட்டும் காரணமல்ல, தன் கட்சிக்காரர்கள் மீது வந்த கடத்தல் விசாரணையும் ஒரு காரணம் என்று எழுதுகிற வரலாற்றாசிரியர்கள் உண்டு. இருக்கட்டும். எதிர்த்தரப்பில் யாருக்கு எதனால் மனம் அசையும் என்று தெரிந்து வைத்திருப்பதும் தூதரகத்தின் வேலைதான். இந்தியத் தூதரகத் தலைவராக இங்கே இருந்த கேவல் சிங் அந்த வேலையைச் செய்தார். ஜூனில் தாதலா ரமணய்யா தலைமையில் ஏனாம் விடுபட்டது. ஜூலை 16இல் ஐ.கே. குமாரன் முன்னின்ற போராட்டத்தால் மாஹேயை விட்டுப் பிரெஞ்சு நிர்வாகம் வெளியேறியது.

அப்படியும் மே மாதம் பாரிசில் தொடங்கிய பேச்சு ஜூன் தொடக்கத்தில் முறிந்தது. பலம் எல்லாம் நம் பக்கம் இருந்தும் முறிந்தது. ஏன்?

திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து, அதே வரிசையில் வருகின்றன. வலிமையை எடைபோட்டபின் காலம் பார்க்கச் சொல்கிறார் வள்ளுவர். 1954 மே 7இல் வியட்நாமில் தியன் பியன் பூ கோட்டை விழுந்தது. அந்த அடியின் அதிர்ச்சியில் இருந்த அரசு, இன்னோர் இடத்தையும் விட்டுக்கொடுத்தேன் என்று தன் நாடாளுமன்றத்தில் சொல்ல முடியாது. ஜூன் நடுவில் அந்த அரசு கவிழ்ந்து மாந்தேஸ் பிரான்ஸ் பிரதமரானார். ஜூலையில் ஜெனீவாவில் இந்தோசீனப் போரை முடித்தார். போர்நிறுத்தத்தைக் கண்காணிக்கும் பன்னாட்டு ஆணையத்துக்குத் தலைமை தாங்கியது இந்தியா. இப்போது பாரிசுக்கு டெல்லியின் நட்பு தேவைப்பட்டது. பெரிய விட்டுக்கொடுப்பையே செய்துமுடித்த பிரதமருக்குச் சின்ன விட்டுக்கொடுப்பு பாரமில்லை. எல்லையில் அழுத்தம் ஜூனில் இருந்ததுதான் ஆகஸ்டிலும் இருந்தது. மாறியது காலம்.

ஆனாலும் ஒரு முடிச்சு அவிழவில்லை. 1946 பிரெஞ்சு அரசியலமைப்பின் 27ஆம் பிரிவு, சம்பந்தப்பட்ட மக்களின் ஒப்புதல் இல்லாமல் எந்த நிலப்பகுதியையும் விட்டுக்கொடுப்பது செல்லாது என்கிறது. பிரதமரே விரும்பினாலும் சாவியைத் தூக்கிக் கொடுத்துவிட முடியாது. இந்தியாவோ பொது வாக்கெடுப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டது. பிரான்சு சட்டத்தை மீறக்கூடாது, இந்தியா சொன்ன சொல்லிலிருந்து இறங்கக்கூடாது. இந்த இடத்தில் ராணுவம் எவ்வளவு பெரியதாக இருந்தும் பயனில்லை. ஓர் உருப்படியான யோசனைதான் வேண்டும். மக்கள் ஏற்கெனவே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் கூடி வாக்களிக்கட்டும், அதையே மக்களின் ஒப்புதலாகக் கொள்வோம் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டன.

அப்படித்தான் 1954 அக்டோபர் 18இல், எல்லையோரக் கிராமமான கீழூரில், புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளின் பிரதிநிதித்துவ சபை உறுப்பினர்களும் நகராட்சி உறுப்பினர்களுமாக 178 பேர் வாக்களித்தார்கள். இணைப்புக்கு ஆதரவு 170, எதிர்ப்பு 8. மூன்று நாளில், 21ஆம் தேதி, டெல்லியில் இந்திய வெளியுறவுச் செயலர் ஆர்.கே. நேருவும் பிரெஞ்சுத் தூதர் ஒஸ்த்ரோரோகும் கையெழுத்திட்டார்கள். நவம்பர் 1இல் நிர்வாகம் கேவல் சிங்கின் கைக்கு வந்தது.

அந்த எட்டு வாக்குகளை நான் மதிக்கிறேன். முடிவு தெரிந்த கூட்டத்தில் வேண்டாம் என்று எட்டுப் பேர் சொல்ல முடிந்ததால்தான் அதை வாக்கெடுப்பு என்று நம்மால் சொல்ல முடிகிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூன்று லட்சம் பேருக்கு மேல் வாழ்ந்த பகுதியின் தலைவிதியை 178 பேர் முடிவு செய்தார்கள். இங்கே நடந்த தேர்தல்களையே இந்தியா முன்பு குறை சொல்லியிருந்தது. சந்திரநாகூர்க்காரர் கையில் கிடைத்த வாக்குச்சீட்டு புதுச்சேரிக்காரர் கைக்கு வரவில்லை. முடிவு சரி, வந்த வழியில் குறை உண்டு என்பதே என் கணிப்பு. வெற்றி பெற்ற பேச்சுவார்த்தையைப் படிக்கும்போது இந்தக் கேள்வியை விடாதீர்கள்: மேசையில் உட்காராதவர்களின் குரல் எங்கே?

இனி வருவது பொறுமையின் கதை. கைக்கு வந்தது நிர்வாகம்தான். சட்டப்படியான உரிமை மாற ஒப்பந்தம் வேண்டும். 1956 மே 28இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. மொத்தம் 31 பிரிவுகள். அதைப் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஏற்க வேண்டும். அங்கே அல்ஜீரியப் போர் கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தது. ஒரு நிலத்தை விட்டுக்கொடுக்கும் தாளை அந்த நேரத்தில் எந்த அரசு அவையில் வைக்கும்? இந்தியா காத்திருந்தது. கோபித்துக்கொண்டு தூதரை அழைத்துக்கொள்ளவில்லை, கெடு விதிக்கவில்லை. 1962 ஜூலை 5இல் அல்ஜீரியா விடுதலை பெற்றது; அதே மாதத்தில் பிரெஞ்சு நாடாளுமன்றம் நம் ஒப்பந்தத்தை ஏற்றது. ஆகஸ்ட் 16இல் ஆவணங்கள் கைமாறின. காத்திருந்த காலத்தில் இந்தியா சும்மா இருக்கவும் இல்லை. 1823இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளி, 1956இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரியானது. நீங்கள் தினமும் கடந்து போகும் ஜிப்மரின் முன்னோடி அதுதான். சட்டப்படி இன்னும் முழுதாகக் கைக்கு வராத ஊரில் கல்லூரி தொடங்கும் அளவுக்கு டெல்லிக்குத் தன் காரியத்தில் நம்பிக்கை இருந்தது.

அந்த 31 பிரிவுகளை எத்தனை பேர் படித்திருக்கிறீர்கள்? பேச்சுத்திறன் என்பது அதில்தான் இருக்கிறது. எல்லாப் பலமும் தன் கையில் இருந்த தரப்பு, தோற்ற தரப்புக்கு என்னென்ன கொடுத்திருக்கிறது என்று பாருங்கள். 1954 நவம்பருக்கு முன்பிருந்த தனி நிர்வாகத் தகுதி தொடரும், மாற்ற வேண்டுமானால் மக்களின் விருப்பத்தை அறிந்த பிறகே. மக்கள் பிரதிநிதிகள் வேறுவிதமாக முடிவு செய்யும்வரை பிரெஞ்சும் ஆட்சிமொழி. இங்கே பிறந்து இங்கேயே வாழும் பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியராவார்கள். ஆனால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம். பிரெஞ்சுக் கல்லூரி தொடரும். பிரான்சு தன் மொழியோடும் பள்ளியோடும் கௌரவம் குலையாமல் படி இறங்கிப் போனது. அப்படிப் போனதால்தான் இன்றும் நட்பாக வந்து போகிறது. ஒப்படைப்புக்கு மறு ஆண்டே, 1955இல், பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் கடற்கரை அருகே திறக்கப்பட்டதை நினைத்துப் பாருங்கள்.

அந்த ஆறு மாதம் பல வீடுகளைப் பிரித்தது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர் ஒரு முடிவு எடுத்தார், பயிர் செய்த அண்ணன் இன்னொரு முடிவு எடுத்தார். ஒரு தாள் கொடுத்த குடும்பத்தின் பேரப்பிள்ளைகள் பாரிசில்; கொடுக்காத குடும்பத்தின் பேரப்பிள்ளைகள் உங்களோடு இங்கே தேர்வுக்குப் படிக்கிறார்கள். ஒப்பந்தத்தில் ஒரு வரி என்பது யாருடைய வாழ்க்கை என்று எழுதுகிறவர் யோசிக்க வேண்டும்.

பலக் கட்சித் தம்பிகள் இப்போது கோவாவைச் சொல்வீர்கள். சொல்லுங்கள், நானும் அதற்குத்தான் வருகிறேன். கோவாவை ஆண்ட போர்ச்சுகலின் தலைவர் சலாசர் பேசவே மறுத்தார். 1955 ஆகஸ்ட் 15இல் ஆயுதமின்றிப் போன சத்தியாகிரகிகளை அவருடைய படை சுட்டுக் கொன்றது. 1961 டிசம்பர் 18, 19இல் இந்தியப் படை நுழைந்து இரண்டே நாளில் காரியத்தை முடித்தது. பேச வராதவனோடு பேச்சுவார்த்தை நடத்த யாராலும் முடியாது. அங்கே படை போனதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஐ.நா. பாதுகாப்பு அவையில் கண்டனத் தீர்மானம் வந்து, சோவியத் வீட்டோ போட்டுத்தான் இந்தியா தப்பியது. இரு தரப்பிலும் உயிர்கள் போயின. போர்ச்சுகல் கோவாவை இந்தியாவின் பகுதியாக ஏற்றுக் கையெழுத்திட்டது 1974 டிசம்பர் 31இல், சலாசரின் ஆட்சி முறை ஒழிந்த பிறகு. நிலம் இரண்டு நாளில் வந்தது. கையெழுத்து வரப் பதின்மூன்று ஆண்டு ஆனது. புதுச்சேரியில் இரண்டுக்கும் நடுவே எட்டு ஆண்டுதான். அதில் ஓர் உயிரும் போர்க்களத்தில் போகவில்லை.

பேச்சுக் கட்சித் தங்கைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 1948 உடன்பாட்டில் நல்லெண்ணத்துக்குக் குறைவில்லை. ஆறு ஆண்டு ஆகியும் புதுச்சேரியில் அது எதையும் நகர்த்தவில்லை. சுங்கக் காவலும், மில் தொழிலாளியும், நெட்டப்பாக்கத்துக் கொடியும், தியன் பியன் பூவும் இல்லாமல் பிரான்சு மேசைக்கு வந்திருக்காது. பலம் எதிராளியை மேசைவரை கொண்டுவரும். உட்கார்ந்த பிறகு அவன் எழுந்து போகாமல், கையெழுத்துப் போட்டுவிட்டு, போட்டதை நாளைக்கும் மதிக்கும்படி செய்வது வேறு வேலை. அதற்குப் படிப்பு வேண்டும். எதிராளியின் சட்டத்தை அவனைவிட நன்றாகப் படித்திருக்க வேண்டும்.

எழுதி வாங்கிய வரிக்கு ஆயுள் அதிகம். 1979இல் பிரதமர் மொரார்ஜி தேசாய் புதுச்சேரியைப் பக்கத்து மாநிலங்களோடு இணைப்பது பற்றிப் பேசியதும் இந்த ஊர் கொதித்தெழுந்தது, யோசனை கைவிடப்பட்டது. மக்களின் விருப்பத்தை அறியாமல் மாற்றக்கூடாது என்ற அந்தப் பிரிவு, பிரான்சின் கௌரவத்துக்காக எழுதப்பட்டது என்று நினைத்தவர்களுக்கு, அது நமக்கே அரணாக இருப்பது அப்போது தெரிந்தது. சந்திரநாகூருக்கு அப்படி ஓர் அரண் இல்லை. அது மேற்கு வங்கத்தில் கரைந்துவிட்டது. இன்று மாநிலத் தகுதி கேட்டு நம் சட்டமன்றம் மீண்டும் மீண்டும் தீர்மானம் போடுகிறது. தீர்மானத்துக்குப் பின்னால் என்ன பலம் இருக்கிறது, எந்தக் காலம் பார்த்துப் பேசுகிறோம், டெல்லி சம்மதிக்க அதற்கு என்ன வழி அமைத்துக் கொடுக்கிறோம் என்ற கேள்விகளை நம் அரசியல்வாதிகள் 1954லிருந்து கற்றுக்கொள்ளலாம்.

தம்பி தங்கைகளே, உங்களில் சிலர் நாளை அயலுறவுப் பணிக்குப் போவீர்கள். மீனவர் படகுக்காகக் கொழும்பில் உட்காரலாம், நதிநீருக்காக டாக்காவில் உட்காரலாம். அதற்குமுன் இரண்டு காரியம் செய்யுங்கள். 1956 ஒப்பந்தத்தை முதல் பிரிவிலிருந்து கடைசிப் பிரிவுவரை படியுங்கள். பொருள் விளங்காத பிரிவை உங்கள் குழுவில் வைத்து வாதிடுங்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழூருக்குப் போய் அங்குள்ள நினைவிடத்தைப் பாருங்கள். ஆகஸ்ட் 16 அன்று மட்டும்தான் அங்கே கூட்டம். மற்ற நாளில் நிதானமாகப் பார்க்கலாம்.

அன்புடன்,
கோரிமேட்டுக்காரன் ஒருவன்